கேன் தண்ணீரும் கிராம சபையும்

  

கடந்த ஆகஸ்ட் 15 அன்று நம் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஆள் கூடியது. ஒன்று, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நடந்த கிராம சபை. இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் உள்ள ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. அங்கே 'சுதந்திர தின சிறப்புத் தள்ளுபடி'. காலை 9 மணிக்கே வரிசை. கடைக்கு வெளியே பைக் நிறுத்த இடமில்லை. கிராம சபையில் நாம் தலையை எண்ணிப் பார்த்தோம். 63 பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள். நம் ஊராட்சியின் மக்கள் தொகைக்கு 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மீதிக் கையெழுத்தை மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தவர்களும் நாம்தான்.

அடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கடை வரிசையில் நம் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். இதை எழுதுகிற நம் வீட்டுப் பிள்ளையும் நின்றான். சாயங்காலம் மினி வேனில் வாஷிங் மிஷின் வந்தது. நாமும் ஒரு கை கொடுத்துத்தான் இறக்கினோம்.

அன்றைய கிராம சபையில் படித்த தீர்மானங்களில் ஒன்று ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயைப் பற்றியது. சாலையோரம் கிடங்கு கட்டுகிற ஒருவர், கால்வாயைத் தன் மதில் சுவருக்கு வெளியே சுற்றி விட அனுமதி கேட்டிருந்தார். 'பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் படித்தார்கள். சங்கத்தார் 3 பேர் எழுந்து, "புலப்படத்தை வையுங்க, அளந்து காட்டுங்க" என்று கேட்டோம். "ஊரே சும்மா இருக்குது, உங்க மூணு பேருக்கு மட்டும் இன்னா ஆட்சேபணை?" என்றார்கள். பதில் சொல்ல நமக்குப் பின்னால் ஆள் இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

ஐப்பசி மழையில் நடந்தது உங்களுக்கே தெரியும். சுற்றி விட்ட கால்வாய் தண்ணீரைத் தாங்கவில்லை. ஏரி பாதிதான் பெருகியது. ஏரிக்குப் போக வேண்டிய வெள்ளம் காலனிக்குள் புகுந்து 2 நாள் முழங்கால் அளவு நின்றது. நவரைப் பட்டத்துக்கு மதகு திறந்தால் கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் எட்டுமா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

காலனியில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா நம்மைக் கேட்டார்: "மிஷின்ல தண்ணி பூந்துடுச்சே, வாரண்டி குடுப்பானா?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "மிஷினுக்காச்சும் ஒரு வாரண்டி சீட்டு இருக்குது. ஏரிக்கு யாருப்பா வாரண்டி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

வாங்குவது குற்றமா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். கிரைண்டர், மிக்சி, கேஸ் அடுப்பு, வாஷிங் மிஷின் இவையெல்லாம் நம் வீட்டுப் பெண்களின் முதுகையும் தோளையும் காப்பாற்றிய சாமான்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டியும், உரலில் நெல் குத்தியும், ஏரிக்கரையில் துணி துவைத்தும் தேய்ந்துபோன தாய்மார்களைக் கேட்டால் தெரியும். நகரத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு "கிராமத்தான் கெட்டுப் போனான், எளிமை போச்சு" என்று எழுதுகிறவர்களோடு நமக்கு ஒத்துவராது. நம் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வருவதால் நாடு கெட்டு விடாது. இந்த ஃபிரிட்ஜைச் செய்கிற ஆலை நம் நிலத்தின் மேல் நிற்கிறது. செய்கிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. நாம் வாங்கக் கூடாது என்று சொல்ல எவனுக்கு உரிமை?

ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. கேட்டுப் பெற வேண்டியதையும் காசு கொடுத்து வாங்கிக் கொள்ளலாம் என்று பழகி விட்டோம். அங்கேதான் தப்பு.

கிணறு, குழாய், கேன்

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நம் அப்பா காலத்தில் ஊர்ப் பொதுக் கிணறு. அதிலும் எல்லாருக்கும் இடம் கொடுக்கவில்லை, அந்தப் பாவமும் நம் தலையில் இருக்கிறது. பிறகு கைப்பம்பு வந்தது. மேல்நிலைத் தொட்டியும் தெருக் குழாயும் வந்தன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தாய்மார்கள் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள். பி.டி.ஓ. ஜீப் ஓடி வந்தது. மோட்டார் பழுது பார்க்கப்பட்டது.

இப்போது? குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் கேன்காரனுக்கு போன் போடுகிறோம். தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 2 நாளைக்கு ஒரு கேன், கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 450 ரூபாய். 400 வீடு உள்ள ஊரில் மாதம் 1,80,000. வருடத்துக்கு 21,60,000 ரூபாய். வீட்டு வரி கட்டச் சொன்னால் ஆயிரம் நியாயம் பேசுகிற ஊர், இவ்வளவு பணத்தைக் கேள்வி கேட்காமல் கேனுக்குக் கொட்டுகிறது. வரி கட்டினாலாவது கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேனுக்குக் கொடுத்த காசுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. காசு உள்ளவன் கேன் வாங்கிக்கொண்டு குழாய் வரிசையை விட்டு விலகி விட்டான். பேசத் தெரிந்தவன், மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரிக்கு முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரக் கூடியவன் அவன்தான். வரிசையில் மிச்சம் நிற்பவர்கள் கூலிக்குப் போகும் ஏழைகள். அவர்கள் கேட்டால் யாருக்குக் காது கேட்கிறது? பள்ளிக்கூடத்திலும் இதே கதை. நம் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறிப் போன பிறகு ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் வந்தாரா, வரவில்லையா என்று பார்ப்பவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையமும், காலை நேரத்து டவுன் பஸ்ஸும் அப்படித்தான். ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக விலை கொடுத்து வெளியேறினோம். வெளியேறிய ஒவ்வொரு இடத்திலும் ஊரின் குரல் ஒரு படி இறங்கியது.

கடைசியில் ஏரியும் நம்முடையது என்ற எண்ணம் போய் விட்டது. "கேன் வருது, போர் இருக்குது, ஏரி எதுக்கு?" என்கிறான் பையன். அவனுக்குத் தெரியாது, ஏரி நிற்காவிட்டால் போரில் ஊறாது, போரில் ஊறாவிட்டால் கேனிலும் நிரம்பாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாற்றுக் கரை முழுக்க வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தக் கோடையில் நம் பக்கத்துக் கழனிக் கிணறுகளிலிருந்தும் லாரி லாரியாகத் தண்ணீர் போனது. விற்றவர்களில் நம் ஆட்களும் உண்டு. காசு உள்ள நகரமே காசைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அலைந்ததைப் பார்த்த பிறகும் நமக்குப் புத்தி வர வேண்டாமா?

நிலம் போனது, போனும் போனது

நம் பகுதியின் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். வல்லம், வடகால், மாத்தூர், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேசிய ஊர்களில் மனை, சதுர அடி, கைடுலைன் வேல்யூ என்று பேச்சு மாறியது.

நோக்கியா போனை நாமும் வைத்திருந்தோம். "நம்ம ஊர்ல செஞ்சது" என்று பெருமையாகக் காட்டினோம். 2014 நவம்பர் 1-ம் தேதியோடு அந்த ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், வேலை இழந்து வீடு திரும்பினார்கள். அந்தப் போன் இன்றைக்கு நம் பரண் மேல் கிடக்கும், அல்லது பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். அதற்குப் பிறகு நாம் நான்கு போன் மாற்றி விட்டோம். நிலத்தை மாற்ற முடிந்ததா? சாமான் ஐந்து வருடத்தில் பழசாகும். கம்பெனியும் ஒருநாள் கதவைச் சாத்தும். இரண்டும் போன பிறகு நமக்கு மிஞ்ச வேண்டியவை ஏரி, கழனி, ஊர். அவற்றை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

உத்திரமேரூர் கல் என்ன சொல்கிறது?

நம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் பெருமை பேசுகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சட்டம் இது!

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். ஏரி வெட்டிய கைக்கும், மடை திறந்து விட்ட கைக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பின்னாளில் குடிமராமத்து என்று ஏரி வேலைக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் அதை 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆக்கினான். அதிலும் மண் சுமந்தவன் ஒருவன், பாசனம் அனுபவித்தவன் வேறொருவன் என்ற அநியாயம் இருந்தது. பழைய காலத்தைத் தங்கம் என்று சொல்ல நாம் தயாரில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? சாதி கேட்காமல், நிலம் கேட்காமல், ஆண் பெண் பார்க்காமல், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். குடத்தில் ஓலை போடவே விடாமல் ஆயிரம் வருடம் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று இடம் இருக்கிறது. இடம் கிடைத்த நேரத்தில் நாம் தள்ளுபடிக் கடையில் நிற்கிறோம். 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே எடுத்து, முதல் கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. எத்தனை ஊரில் குடிகள் போய், எந்த ஏரிக்கு எவ்வளவு, எத்தனை லோடு மண் எடுத்தார்கள் என்று கேட்டோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ரசீது இல்லாத பொருள்

போன் பழுதானால் நமக்குச் சட்டம் இருக்கிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மாற்றி 2019-ல் புதிய சட்டம் கொண்டு வந்தார்கள். 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ரசீது இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நல்லதுதான். போலி விதையும் போலிப் பூச்சிமருந்தும் விற்கிறவனை இழுக்கவும் அந்தச் சட்டம் உதவும். கட்டாயம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஏரிக்கு ரசீது கிடையாது. மேய்க்கால் புறம்போக்குக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, வரத்துக் கால்வாய்க்கு ரசீது கிடையாது. வாங்குகிறவனாக மட்டும் நாம் நின்றால், அந்தக் காலனி அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. ஊரின் குடிமக்களாக நின்றால் பதில் இருக்கிறது: ஏரிக்கு வாரண்டி நாம்தான்! அதற்கான சீட்டுகளும் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏரியின் புலப்படம், அ-பதிவேட்டு நகல், பஞ்சாயத்துச் செலவுக் கணக்கு எல்லாம் கேட்கலாம்.

இரண்டு, ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழக அரசு போட்ட சட்டம். நீர்வளத் துறையின் கையில் உள்ள ஏரிகளை அளந்து எல்லை காட்டி, ஆக்கிரமிப்பை எடுக்க அது அதிகாரம் தருகிறது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்து தட்டுவோம்.

மூன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு 6 நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வராவிட்டால் கூட்டம் செல்லாது. வராமலே வீட்டில் இருந்து கையெழுத்துப் போட்டால், செல்லாத கூட்டத்தைச் செல்ல வைத்தவர்கள் நாமே.

ஓட்டும் விலைக்கு வந்தது

எதையும் காசால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் எங்கே போய் முடியும்? ஓட்டில் போய் முடியும். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். இது ஏதோ வெளியூர் சமாச்சாரம் இல்லை. நம் தெருவில் கவர் வரவில்லையா? "அவன் கொள்ளையடிச்ச காசு, வாங்கினா இன்னா?" என்று நாம் சொல்லவில்லையா?

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ரேஷன் அரிசியும், பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரமும், பெண்களுக்கு இலவசப் பஸ்ஸும் நாம் கேட்டுப் பெற்றவை. அவை சட்டப்படி எல்லாருக்கும் வருகிறவை. வெட்கப்பட ஒன்றுமில்லை. கவர் அப்படி இல்லை. கவர் வாங்கினால் விற்பனை முடிந்தது என்று அர்த்தம். விற்ற மாட்டை மறுநாள் போய்க் கட்டுத்தறியில் கேட்க முடியுமா? "உன் ஓட்டுக்குத்தான் காசு குடுத்துட்டேனே, ஏரியைப் பத்தி உனக்கென்ன பேச்சு?" என்று அவன் மனசுக்குள் நினைக்கிறான். சில இடத்தில் வாய் விட்டே சொல்கிறான்.

தவணை கட்டுகிறவன் வாய்

இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. "மாமா, ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கவே நேரம் இல்ல, கிராம சபைக்கு எங்க வர்றது?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். பைக்குக்கு ஒரு தவணை, போனுக்கு ஒரு தவணை, தங்கச்சி கல்யாணக் கடனுக்கு ஒரு தவணை. ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும். கான்ட்ராக்ட் ஆள் என்றால் வேலையே போகும். மாசம் பிறந்தால் தவணை கட்ட வேண்டியவன் மேஸ்திரியிடமும் கேள்வி கேட்க மாட்டான், தலைவரிடமும் கேட்க மாட்டான். தவணை நம் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, வாயையும் சேர்த்துக் கட்டுகிறது. தேவைக்கு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான் என்பதற்காக வாய்ப்பூட்டை விலைக்கு வாங்காதீர்கள்.

வாயைத் திறந்தவர்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் விடுதியின் நிலைமை உலகத்துக்குத் தெரிந்தது. ஐபோன் கம்பெனியே அந்த விடுதிகள் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கில் ஐபோன் வாங்கியவர்கள் கேட்காத கேள்வியை, மாசச் சம்பளத்துக்கு அதைப் பூட்டிய பெண்கள் கேட்டார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அவர்களுக்கும் தவணை இருந்தது, வீட்டில் குழந்தை இருந்தது. சேர்ந்து நின்றதால் கேட்க முடிந்தது. ஆலைக்குள் அவர்கள் செய்ததை ஊருக்குள் நாம் செய்ய வேண்டும்.

கேட்ட ஊர்கள்

"தீர்மானம் போட்டா மட்டும் கேட்டுடுவானா?" என்று நம்மிலேயே பலர் சலித்துக்கொள்கிறோம். இரண்டு ஊரைப் பார்ப்போம்.

கேரளாவில் பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடை. 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டு, வற்றவும் தொடங்கியதும் 2002-ல் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி, "லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது" என்று சொன்னது. உலகத்துக்கே பாட்டில் விற்கிற கம்பெனி ஒரு சின்னப் பஞ்சாயத்தோடு கோர்ட்டுக் கோர்ட்டாக அலைந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பிறகு திறக்கவே இல்லை.

இன்னொரு ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் போகிற ஏகனாபுரம். 2022 ஜூலை கடைசியில் தொடங்கி, பகலில் கழனி வேலையையும் கம்பெனி வேலையையும் முடித்துவிட்டு, இரவில் கூடி உட்கார்ந்தார்கள். ஆயிரம் நாளைத் தாண்டியும் உட்கார்ந்தார்கள். கிராம சபைக்குக் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஓட்டைப் புறக்கணிப்பது சரியா என்பதில் நம் சங்கத்துக்குள் இரண்டு கருத்து உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்களை வீட்டில் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க யாராலும் முடியாது. அதனால் திட்டம் நின்று விட்டதா? இல்லை, மறைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜூலையில் சிலருடைய நிலத்துக்குப் பத்திரப் பதிவும் தொடங்கியது. ஆனால் 'பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று அந்த ஊரின் பெயரால் எவனும் எழுத முடியவில்லை. நம் ஊரின் பெயரால் எழுதி விட்டார்கள். வேறுபாடு அதுதான்.

இதற்கு நடுவே இன்னொரு கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. 2023 ஏப்ரலில், சட்டமன்றக் கூட்டத் தொடரின் கடைசி நாளில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்காக, உள்ளே ஏரி, குளம், ஓடை இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம். நம் ஊரில் ஒரு கால்வாயைச் சுவருக்காகத் திருப்பினார்கள். அந்தச் சட்டத்தால் ஏரியையே திட்டத்துக்காகத் திருப்பலாம்.

என்ன செய்யப் போகிறோம்?

நம் சங்கமும் தப்பு செய்திருக்கிறது. நெல் விலைக்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வாங்கும் மாமூலுக்கும் போராடினோம். கிராம சபையைச் சடங்கு என்று விட்டு விட்டோம். இனி விட மாட்டோம். வருகிற ஜனவரி 26 கிராம சபைக்கு நம் ஊர் கூட வேண்டும்.

1. வீட்டுக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். முதல் வரிசை காலனி மக்களுக்கு. வெள்ளம் அவர்கள் வீட்டில்தான் புகுந்தது.

2. கால்வாயைத் திருப்பிய தீர்மானத்தை ரத்து செய்ய மறு தீர்மானம். சர்வேயர் வந்து புலப்படப்படி அளந்து கல் நட வேண்டும். தகவல் உரிமை மனு சங்கத்தின் பெயரில் போட்டாயிற்று. பதில் வந்ததும் ஊர்ச் சாவடியில் ஒட்டுவோம்.

3. மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். குழாய்த் தண்ணீரைச் சோதித்த முடிவைக் கிராம சபையில் படிக்க வேண்டும். கேன் வாங்குகிற வீட்டுக்காரர்களும் இதைக் கேட்க வர வேண்டும்.

4. ஷிஃப்ட் வேலைப் பிள்ளைகள் வர முடியாவிட்டால், தங்கள் கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டில் கொடுத்தனுப்புங்கள். சபையில் நாம் படிப்போம்.

5. வீட்டுக்கு நோட்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் வரல, அதனால போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். இது போதும், பொய்க் கூட்டம் நடக்காது.

அரசிடம் நாம் கேட்பது: நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு! ஏரி, வரத்துக் கால்வாய் அனைத்தையும் அளந்து எல்லை காட்டு! வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு நிவாரணம் கொடு! கிராம சபைத் தீர்மானத்தை மதி!

ஜனவரி 26 அன்றும் சாலையோரக் கடையில் தள்ளுபடி இருக்கும். மறுநாளும் இருக்கும், போகலாம். கிராம சபை அன்றைக்கு ஒருநாள்தான். காலையில் சபைக்கு வாருங்கள். "ஊரே சும்மா இருக்குது" என்று இனி ஒருவரும் நம்மைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

ஏரி நமது! ஊர் நமது! கேட்கும் உரிமை நமது!

கூடுவோம்! கேட்போம்! காப்போம்!